சர்நேம் கட்டத்தில் சேவூர் என்று எழுதலாமா?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்ப உட்காருகிறவர்கள் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாவற்றையும் மளமளவென்று முடித்துவிட்டு ஒரு கட்டத்தில் மட்டும் பேனாவைத் தூக்கிவிடுவார்கள். 'சர்நேம்'. ஆரணிப் பக்கத்துத் தறி வீட்டுப் பிள்ளைகள் இப்போது படிப்புக்கும் வேலைக்கும் கடல் தாண்டிப் போகிறார்கள். அதனால் சேவூர் டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி அடிக்கடி வந்து விழுகிறது. "நம்மளுக்கு ஏதுப்பா சர்நேம்? இனிஷியல்தானே? பேசாம ஊர் பேரைப் போட்டுடலாமா?" கேட்கிறவர் பாதி வேடிக்கையாகத்தான் கேட்கிறார். ஆனால் அது பைத்தியக்காரக் கேள்வி இல்லை. டீ சொல்லியாயிற்று, வரட்டும், நிதானமாகவே பேசுவோம்.

முதலில் இனிஷியல் கணக்கு. தாத்தா ஏழுமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஏ. முருகன். முருகனின் மகன் மு. தினேஷ். தினேஷுக்குப் பெண் பிறந்தால் தி. யாழினி. ஒரே வீடு, ஒரே குழித்தறி, நாலு தலைமுறை. ரேஷன் கார்டை மட்டும் பார்க்கிற வெளியூர் அதிகாரிக்கு இவர்கள் யாரோ எவரோ. நம் இனிஷியல் அப்பாவோடு நின்றுவிடுகிறது; அதற்கு மேல் அதற்கு ஞாபகம் கிடையாது. கல்யாணம் ஆன பெண்ணுக்கு அந்த எழுத்தும் சில வீடுகளில் மாறிவிடும். மராட்டியில் தெண்டுல்கர் என்றும், வங்காளத்தில் பானர்ஜி என்றும் தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர் ஓடுகிறதே, அந்த வேலையை இனிஷியல் செய்வதில்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இரண்டு நோபல் பரிசுக்காரர்கள். 1930-இல் இயற்பியல் நோபல் வாங்கிய சி.வி. ராமனின் 'சி' அவருடைய அப்பா சந்திரசேகர ஐயர். 1983-இல் அதே பரிசை வாங்கிய எஸ். சந்திரசேகர், ராமனுடைய அண்ணன் சுப்பிரமணிய ஐயரின் மகன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கப்படி அவருக்குச் சந்திரசேகர் என்று வைத்தார்கள். சித்தப்பாவின் இனிஷியலில் ஒளிந்திருக்கிற அதே மனிதர்தான் அண்ணன் மகனின் பெயராக வெளியே நிற்கிறார். 1999-இல் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று பெயர் வைத்ததும் இந்தச் சந்திரசேகரை நினைத்துத்தான். மேல்நாட்டுக் குடும்பமாக இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே சர்நேம் இருந்திருக்கும். சின்னப் பையன்கூட உறவைச் சொல்லியிருப்பான். நமக்கு இவ்வளவு விளக்க வேண்டியிருக்கிறது.

சரி, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த முதலியார், பிள்ளை, ஐயர், நாயக்கர் எல்லாம் என்ன ஆயிற்று? அவை குடும்பப் பெயரே அல்ல, சாதிப் பட்டம். ஊரில் ஆயிரம் வீட்டுக்கு ஒரே பட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு இந்தப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு தலைமுறையில் தமிழ்நாட்டின் பொதுவாழ்வில் வால் அறுந்துபோனது. அறுந்த இடத்தைக் காலியாக விட்டோமா என்றால், இல்லை. ஏற்கெனவே பெயருக்கு முன்னால் ஒன்று இருந்தது. அதுதான் ஊர்.

ஊர்ப்பெயர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க ஒரு பட்டு முதலாளியின் தறிக் கணக்கு நோட்டே போதும். பாவும் ஊடைப் பட்டும் சரிகையும் யாருக்கு எவ்வளவு எடை போட்டுக் கொடுத்தது, யார் எத்தனை சேலை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார், முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கும். குமார் என்று ஒரு பக்கத்திலேயே நாலு பேர் வருவார்கள். அங்கே இனிஷியல் உதவாது. கணக்குப்பிள்ளைக்கு யாருடைய அப்பா பெயரும் தெரியாது. சேவூர் குமார், முள்ளிப்பட்டு குமார், ஒண்ணுபுரம் குமார், தேவிகாபுரம் குமார் என்று எழுதிவிடுவார். அதே சேவூர் குமாரை சேவூருக்குள் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். இங்கே அவர் இன்னார் மகன் குமார், இல்லையென்றால் கோயில் பக்கத்து வீட்டு குமார். ஆரணிக்குப் போனால்தான் சேவூர் குமார். சென்னைக்குப் போனால் ஆரணி குமார். டெல்லிக்குப் போனால் மதராஸி. தூரம் கூடக் கூட ஊரும் பெரிதாகிக்கொண்டே போகும். மற்ற நாட்டு சர்நேம் பிறக்கும்போதே கையில் கிடைப்பது. நம்முடையது ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு அடுத்தவர் கொடுப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சேவூருக்கே கண்முன்னால் இருக்கிற ஆள் சேவூர் எஸ். ராமச்சந்திரன். 2016-இல் ஆரணித் தொகுதியில் வென்று, 2021 வரை இந்து சமய அறநிலையத் துறை அமைச்சராக இருந்தார். 2021-இலும் இதே தொகுதியில் வென்றார். அவர் பெயருக்கு முன்னால் சேவூர் ஏன் அவ்வளவு அழுத்தமாக நிற்கிறது? 2021 சட்டமன்றத்தைப் பாருங்கள். அருப்புக்கோட்டையில் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன். குன்னூரில் கா. ராமச்சந்திரன். தளியில் டி. ராமச்சந்திரன். ஆரணியில் இவர். ஒரே அவையில் இத்தனை ராமச்சந்திரன்கள்! அருப்புக்கோட்டைக்காரரை இன்றைக்கும் எல்லோரும் 'சாத்தூர் ராமச்சந்திரன்' என்றுதான் சொல்கிறார்கள். தொகுதி மாறியும் ஊர் மாறவில்லை. அதிலும் சேவூர்க்காரர் இருக்கும் கட்சியில் வெறும் 'ராமச்சந்திரன்' என்றால் அது மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் ஒருவரைத்தான் குறிக்கும். அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார முடியும்? ஊரைச் சேர்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சேவூர் என்றால் எந்தச் சேவூர்? அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சேவூர் உண்டு. வாலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர், நிலக்கடலை ஏலத்துக்குப் பேர்போனது. வேலூர் காட்பாடிப் பக்கம் இன்னொரு சேவூர். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 15-ஆவது அணி இருக்கிற இடம். பத்தாம் நூற்றாண்டில் ஆதித்த கரிகாலன் வீரபாண்டியனைத் தோற்கடித்த சேவூர்ப் போர் நடந்தது புதுக்கோட்டைப் பக்கத்துச் சேவூரில் என்பார்கள். ஆக, பட்டு நெய்கிற சேவூர், கடலை விற்கிற சேவூர், போலீஸ் சேவூர், போர்க்களத்துச் சேவூர். ஆரணிக்கும் இதே கதைதான். திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஆரணி இருக்கிறது, அங்கே ஆரணி ஆறே ஓடுகிறது. நம் ஆரணிக்கு இருப்பது கமண்டல நாகநதி. அதனால்தான் அந்தக் காலக் கடிதங்களில் ஆரணிக்குக் கீழே 'வ.ஆ. மாவட்டம்' என்று மறக்காமல் எழுதினார்கள்.

வ.ஆ. என்றால் வட ஆற்காடு. 1989-இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும் வரை நாம் எல்லோரும் அதில்தான் இருந்தோம். ஒரு சர்நேமும் அதன் கீழ் வருகிற பெரிய மனிதர்களும் இடங்களும் என்று தேடினால், தமிழ்நாட்டில் ஆற்காட்டைப் போல நிறைவான பட்டியல் வேறு ஊருக்குக் கிடைப்பது கஷ்டம்.

1887 அக்டோபர் 14 அன்று பிறந்த இரட்டையர் ராமசாமி முதலியாரும் லட்சுமணசாமி முதலியாரும். இருவருக்கும் 'ஏ' என்ற எழுத்து ஆற்காடு. பிறந்தது எங்கே தெரியுமா? கர்நூலில். ஆற்காட்டை விட்டுக் குடும்பம் வெளியே போன பிறகும் ஊர் பெயரில் தங்கிவிட்டது. நமக்கு சர்நேம் என்று ஒன்று உருவாகிற இடம் இதுதான். ராமசாமி ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு 1946-இல் முதல் தலைவராக உட்கார்ந்தார். மைசூர் சமஸ்தானத்தின் கடைசி திவானும் அவரே. லட்சுமணசாமி மகப்பேறு மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டுகள் துணைவேந்தர். இப்போது மூன்று வருடம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பத்திரிகைகள் வைத்த பெயர் ஆற்காடு இரட்டையர். ராமர் லட்சுமணர் என்று சொல்லியிருக்கலாம், ஆனாலும் ஊரைத்தான் சொன்னார்கள்.

பெங்களூருக்குப் போனால் ஆர்.பி.ஏ.என்.எம். என்று ஒரு பழைய கல்வி நிறுவனம். எழுத்துகளை விரித்தால் ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873-இல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. சென்னை அரசியலுக்கு வந்தால் ஆற்காடு வீராசாமி. ராயப்பேட்டை அமீர் மகாலுக்குப் போனால் ஆற்காடு இளவரசர். அவர் குடும்பத்துக்கும் இரட்டையர் குடும்பத்துக்கும் மதமும் ஒன்றில்லை, ரத்தமும் ஒன்றில்லை. 1855-இல் கர்நாடக நவாபின் கதை முடிந்த பிறகு, அந்த வம்சத்துக்கு பிரிட்டிஷ் மகாராணி கொடுத்த பட்டம் அது. கோடம்பாக்கத்தையும் வடபழநியையும் வளசரவாக்கத்தையும் கோத்துக்கொண்டு ஓடுவது ஆற்காடு ரோடு. இனிப்புக் கடையில் கேட்டால் ஆற்காடு மக்கன் பேடா. 1751-இல் ராபர்ட் கிளைவ் பெயர் வாங்கியது ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையில். அந்த முற்றுகை உடைந்த கையோடு அவன் ராசா சாகிப்பின் படையைத் துரத்திக்கொண்டு வந்து வென்ற இடம் நம்முடைய ஆரணி. இப்படி ஒரு நவாப், ஒரு துணைவேந்தர், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரோடு, ஒரு பேடா எல்லாம் ஒரே பெயரின் கீழ் நிற்க, யாரும் யாருக்கும் பங்காளி இல்லை. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆரணியின் பட்டியல் சிறியது, ஆனால் சுவையானது. தமிழில் துப்பறியும் நாவலை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்களில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார், 1925-இல் காலமானார். ஆங்கிலக் கதைகளை எடுத்துத் தமிழ்ச் சட்டை போட்டு ஆனந்த சிங் என்று ஒரு துப்பறிபவரை உலவவிட்டார். அவர் எழுதிய 'ஆனந்தபோதினி' 1915-இல் தொடங்கிய பத்திரிகை. நடத்தியவர் நாகவேடு முனிசாமி முதலியார். முதலாளி பெயரிலும் ஊர், எழுத்தாளர் பெயரிலும் ஊர். போட்டிக்கு அந்தப் பக்கம் மன்னார்குடி அருகிலிருந்து வடுவூர் துரைசாமி ஐயங்கார். வாசகசாலையில் 'ஆரணியார் நாவல் இருக்கா, வடுவூரார் வந்துட்டுதா' என்று கேட்டுத்தான் அந்தக் காலத்தில் புத்தகம் எடுத்தார்கள். அதற்கும் முன்னால், 16-ஆம் நூற்றாண்டில், ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதரின் பெயர் வடமொழி படித்தவர்களிடம் காசி வரைக்கும் போயிருந்தது.

பாட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இன்னொரு டீ வேண்டும். அரியக்குடி, செம்பை, லால்குடி என்றால் ஊரா ஆளா என்று கச்சேரி ரசிகருக்குச் சந்தேகமே வராது. செம்மங்குடி சீனிவாச ஐயர் பிறந்தது திருக்கோடிக்காவலில். திரு.வி.க.வின் 'திரு' திருவாரூர்; பிறந்தது சென்னைக்கு அருகில் துள்ளத்தில். ஆர்.கே. நாராயணின் 'ஆர்' ராசிபுரம், அவர் தம்பி ஆர்.கே. லட்சுமணுக்கும் அதே. ஒருவர் பிறந்தது சென்னை, மற்றவர் மைசூர். மால்குடியை உலகத்துக்குக் காட்டிய ஆளின் பெயரில் நாமக்கல் மாவட்டத்து நெய் ஊர் ஒன்று காலமெல்லாம் ஒரே எழுத்தாகச் சுருண்டு கிடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எம்.எஸ். சுப்புலட்சுமியிடம் மட்டும் ஒரு வித்தியாசம்: மதுரையோடு வருகிற 'எஸ்' அம்மா சண்முகவடிவு.

நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையான அண்ணாவின் 'சி.என்.' காஞ்சீவரம் நடராசன். காஞ்சிபுரத்துக்கு வெள்ளைக்காரன் போட்ட எழுத்துக்கூட்டலின் முதல் எழுத்து அந்த 'சி'. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பள்ளியிலும் அலுவலகத்திலும் தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணை போட்டது. அப்படி எழுதினால் இந்த மாதிரிக் குழப்பம் குறையும்.

இங்கே சேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மனிதருக்கு நடப்பது அப்படியே சரக்குக்கும் நடக்கிறது. புதுப் பாவு வந்தால் பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வொரு இழையாக முறுக்கி இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, கண்ணும் இடுப்பும் விட்டுப்போகும். அப்புறம்தான் ஜக்கார்டு அட்டை ஏற்றி நாடா ஓட்டுவது, முந்தியில் சரிகை வைப்பது எல்லாம். இவ்வளவும் சேவூர் வீட்டுக்குள் நடக்கிறது. முதலாளி கைக்குப் போனால் அது ஆரணிப் பட்டு. சென்னையில் சில கடைகளில் அதே சேலைக்குக் காஞ்சிபுரம் என்று பெயர் மாறிவிடும், வடக்கே போனால் காஞ்சீவரம். ஆரணி குமார் மதராஸி ஆன அதே பாதை. ஆனால் குமாருக்கு அதில் நஷ்டம் இல்லை, நெய்தவருக்கு உண்டு. இதைத் தடுக்கத்தான் 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கும் பதிவு உண்டு, ஆரணிப் பட்டுக்கும் தனியாகப் பதிவு உண்டு. தனி ஆளுக்குச் சொந்தம் ஆகாத, ஊரார் எல்லோரும் பங்கு கொள்கிற பெயர். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சட்டமே கொடுத்த சர்நேம் என்று சொல்லலாம். அதைக் கேட்டு வாங்க வேண்டியது சேலை வாங்குகிறவர்.

மறுபடியும் பாஸ்போர்ட் கட்டத்துக்கு வருவோம். வெளிநாட்டுக்காரன் கட்டம் போட்டு நம்மைப் பெயர் கேட்பது இன்று நேற்று வந்ததில்லை. புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட பிரெஞ்சு ஆணை, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிற இந்தியர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த் என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் வாசற்கதவு. மேல்நாட்டுச் செருப்புப் போட்டு வந்ததற்காக நீதிமன்றத்தில் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்த மனிதர். அவருக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான்.

இன்றைக்கு நடப்பது இது. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட இந்திய பாஸ்போர்ட்டில் இடம் இருக்கிறது. விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய், உங்கள் சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் விடமாட்டோம் என்றது. பிறகு, உள்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று இறங்கிவந்தது. அதனால் பெரும்பாலான தமிழர்கள் அப்பா பெயரை விரித்து சர்நேமில் எழுதிவிடுகிறார்கள். பலன், விமான நிலையத்தில் "மிஸ்டர் முருகன்" என்று கூப்பிட்டால் தினேஷ் எழுந்து போக வேண்டும். கிரிக்கெட் வர்ணனையில் அஸ்வினை ரவிச்சந்திரன் என்று அப்பா பெயரால் அழைத்த வெள்ளைக்காரர்களையும், விசுவநாதன் மகன் ஆனந்தை உலகமே 'விஷி' என்று கூப்பிடுவதையும் பார்த்துப் பழகிவிட்டோம்.

அப்படியானால் சேவூர் என்று எழுதலாமா? எழுதலாம். சட்டத்தில் தடை இல்லை. சாதிப் பட்டத்தை மறுபடி தூசு தட்டி அந்தக் கட்டத்தில் ஒட்டுவதைவிட ஊர்ப்பெயர் ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கட்சி. ஊருக்குள்ளே சாதிப்படி தெருத்தெருவாகப் பிரித்துவைத்திருக்கிறோமே என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் சர்நேம் கட்டத்தில் தெரு பெயர் வராது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஆற்காடு இரட்டையர் வீட்டைப் போல அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும், பிறப்புச் சான்றிதழிலிருந்து பான் கார்டு வரை ஓர் எழுத்து மாறக்கூடாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால் அப்புறம் அரசிதழ் அறிவிப்பு, பிரமாணப் பத்திரம், இ-சேவை மைய வரிசை. பாதிச் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கிற பிள்ளைக்கு அப்பா பெயரை விரித்து எழுதுவதே போதும், புதிதாக எதையும் கிளப்ப வேண்டாம். வீட்டில் இப்போது குழந்தை பிறந்திருந்தால் விஷயமே வேறு. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். அதற்குள் அப்பா பெயரா, அம்மா பெயரா, ஊர்ப் பெயரா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, ஒன்றை முழுசாக விரித்து எழுதிக்கொடுத்துவிடுங்கள். ஒற்றை எழுத்தோடு மட்டும் விட்டுவிடாதீர்கள்.